புல் வெட்டும் கருவி ஏற்ற இறக்கமாக வெட்டுகிறதா?

"கருவி வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஐயா. ஒரு பக்கம் மொட்டையாக வெட்டுகிறது, மறு பக்கம் முழங்கால் உயரத்திற்கு விட்டுவிடுகிறது. கம்பெனி சரியில்லையா?" விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் கறவை மாடு வளர்க்கும் உழவர்கள், பிரஷ் கட்டர் எனப்படும் புல் வெட்டும் கருவியைப் பற்றி அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்ட கையோடு பலர் கருவியை மெக்கானிக்கிடம் எடுத்துச் செல்கின்றனர். அவரும் ஸ்பார்க் பிளக்கை மாற்றி, கார்புரேட்டரைத் துடைத்து, சத்தம் சீராக வருகிறதா என்று பார்த்துத் திருப்பித் தருகிறார். அடுத்த அறுவடையிலும் வெட்டு முன்போலவே இருக்கிறது.

கருவியைத் தூக்கிச் செல்லுமுன், வெட்டிய நிலத்தில் சற்றுக் குனிந்து அடிக்கட்டைகளைப் பார்க்க வேண்டும். குறை தகட்டிலா, எஞ்சினிலா, வெட்டுபவர் கையிலா, நிலத்திலா என்பதை அடிக்கட்டையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். எப்படிப் பார்ப்பது, பார்த்தபின் எதைத் திருத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வெட்டு சீராக இருப்பது ஏன் முக்கியம்?

பூங்காவில் புல் ஏற்ற இறக்கமாக இருந்தால் பார்வைக்கு நன்றாயிராது, அவ்வளவுதான். தீவனப் புல்லில் நிலைமை வேறு. இன்று வெட்டும் வெட்டுதான் 45 நாள் கழித்து வரும் தீவனத்தை நிர்ணயிக்கிறது.

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை எடுத்துக்கொள்வோம். கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகம் 2008-ல் வெளியிட்ட கோ 4, 2012-ல் வெளியிட்ட கோ 5 ஆகிய இரண்டும் நம் பகுதியில் நன்கு அறிமுகமானவை. நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுவடை, பின்னர் 45 நாளுக்கு ஒன்று என ஆண்டுக்கு ஏழு அறுவடைகள் எடுக்கலாம். வெட்டியபின் புதுத் தளிர் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. மண்ணை ஒட்டியுள்ள அடிக் கணுக்களிலிருந்து வருவது பருத்த, வலுவான தளிர். விட்டுவைத்த கட்டையின் மேல் கணுக்களிலிருந்து வருவது மெலிந்த தளிர். இலை மீண்டும் விரியும் வரை இரண்டுக்கும் உணவு, வேரிலும் அடிக்கட்டையிலும் சேமித்து வைத்த மாவுப்பொருளே.

ஆகவே மிகத் தாழ வெட்டினால் சேமிப்பும் போகிறது, மொட்டுகளும் போகின்றன. மிக உயர வெட்டினால் மேல் கணுவிலிருந்து துடைப்பக் குச்சி போன்ற தளிர்கள் கிளம்பி, அடித் தளிர்களை அடக்கிவிடுகின்றன. தரையிலிருந்து சுமார் 15 செ.மீ. விட்டு வெட்டுவது நல்லது. அளவுகோல் தேட வேண்டியதில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அகல விரித்தால் கிடைக்கும் ஒட்டைச் சாண் ஏறத்தாழ அந்த அளவுதான்.

இதனால் ஏற்படும் இழப்பைக் கணக்கிட்டும் பார்க்கலாம். நான்கைந்து கறவை மாடு உள்ள ஒருவர் 45 சென்ட் புல்லை ஐந்து ஐந்து சென்ட்டாக ஒன்பது பாத்தி பிரித்து, ஐந்து நாளைக்கு ஒரு பாத்தி வெட்டுகிறார் என்று கொள்வோம். கடைசிப் பாத்தி முடியும்போது முதல் பாத்தி மறுபடி தயாராகிவிடும். 60-க்கு 50 செ.மீ. இடைவெளியில் ஐந்து சென்ட்டில் சுமார் 670 தூர்கள் இருக்கும். பத்துக்கு ஒரு தூர் தவறான உயரத்தில் வெட்டுப்பட்டுப் பின்தங்கினால், ஒரு பாத்தியில் 67 தூர்கள். அவற்றில் ஒன்றுமே தேறவில்லையென்றால், அந்தப் பாத்தியின் ஐந்து நாள் தீவனத்தில் அரை நாள் குறையும். ஒன்பது பாத்தியிலும் இதே நிலை என்றால் நான்கரை நாள் தீவனம். அந்த நாட்களுக்கு வைக்கோலும் விலைக்கு வாங்கிய தீவனமும்தான் வழி. பால் அளவு குறைவதைச் சங்கத்தில் பால் ஊற்றும்போது காணலாம்.

இக்கருவிக்குச் சக்கரம் இல்லை

1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், துணி ஆலையில் துணியின் மேற்பரப்பைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்து முதல் புல்வெளி வெட்டும் இயந்திரத்தைச் செய்தார். அதில் உருளை இருந்தது. உருளை தரையில் உருளும், கத்தி அதற்குமேல் ஒரே உயரத்தில் நிற்கும். இன்று மேலைநாட்டு வீடுகளில் ஆளில்லாமல் தானே சுற்றிவரும் புல்வெட்டும் இயந்திரங்களிலும் சக்கரமே உயரத்தைக் காக்கிறது. சக்கரத்தில் சேறு அப்பினாலோ தகடு மழுங்கினாலோ அவையும் ஏற்ற இறக்கமாகவே வெட்டும்.

நம் கையிலுள்ள கருவி வேறு குலத்தைச் சேர்ந்தது. 1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவும் இடத்தில் சுழலும் நைலான் தூரிகைகளைக் கண்டு, ஒரு தகரக் குவளையில் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழலவிட்டுப் புல்லை வெட்டினார். இன்றைய நைலான் நரம்புத் தலைகளின் தொடக்கம் அது. இவ்வகைக் கருவியில் சக்கரமும் இல்லை, உருளையும் இல்லை. வெட்டும் உயரத்தைக் காப்பது வெட்டுபவரின் தோளும் இடுப்பும்தான். ஏற்ற இறக்கத்திற்குப் பாதிக் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

குச்சியும் கண்ணும்

ஒரு குச்சியில் 15 செ.மீ.யில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெட்டி முடிந்த பாத்தியில் ஒரு வரிசையில் அடுத்தடுத்துப் பத்துத் தூர்களில் அதை ஊன்றிப் பாருங்கள். ஒவ்வொரு தூரிலும் இடப்பக்கக் கட்டை, வலப்பக்கக் கட்டை இரண்டையும் பார்க்க வேண்டும். பிறகு வெட்டு முனையைக் கையால் தடவிப் பாருங்கள். கால் மணி நேர வேலை இது.

எல்லாத் தூரிலும் ஒரே பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்ந்திருந்தால், தகடு சாய்ந்து ஓடியிருக்கிறது. தோள்வாரையும் கொக்கியையும் பார்க்க வேண்டும். வீச்சின் நடுவில் தாழ்வும் இரு ஓரங்களில் உயர்வுமாகப் பிறை வடிவில் இருந்தால், கையை அளவுக்கு மேல் வீசியிருக்கிறார்கள். வெட்டு முனை நார் நாராகப் பிய்ந்து துடைப்பம்போல் இருந்தால், தகடு மழுங்கியிருக்கிறது அல்லது வேகம் போதவில்லை. இளந்தண்டு சுத்தமாகவும் முற்றிய தண்டு மட்டும் பிய்ந்தும் இருந்தால் கருவியில் குற்றமில்லை, அறுவடை நாள் தள்ளிப்போயிருக்கிறது. ஒரு தூர் சரியாகவும் அடுத்த தூர் மொட்டையாகவும் எந்த ஒழுங்கும் இன்றி மாறி மாறி இருந்தால், நிலத்தையும் தூரையும் பார்க்க வேண்டும்.

தகடு

கடையில் கருவி வாங்கும்போது மூன்று வகை வெட்டும் பாகங்களைத் தருவதுண்டு. நைலான் நரம்புத் தலை, மூன்று பல் தகடு, ஓரத்தில் கடின உலோக முனை பதித்த வட்ட ரம்பத் தகடு. எல்லாவற்றையும் எல்லாவற்றிற்கும் போட்டுப் பார்ப்பதுதான் தொல்லையின் தொடக்கம்.

நேப்பியர் தண்டுக்கு வட்ட ரம்பத் தகடே ஏற்றது. தண்டை அறுத்து விடும், பிய்க்காது. மூன்று பல் தகடு உயரமான களைக்கும் மெல்லிய தண்டுள்ள புல்லுக்கும் போதும். நைலான் நரம்பு வரப்பு அருகுக்கு மட்டுமே. நேப்பியரில் அது தண்டை அடித்துப் பிளக்கும். பிளந்த முனையில் நீர் தங்கி அழுகல் ஏற்படும்.

நைலானைத் தீவனப் புல்லில் போடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நரம்பு தேயத் தேயத் துண்டு துண்டாக அறுந்து புல்லோடு கலக்கிறது. மாடு அதைப் பிரித்து ஒதுக்காது, விழுங்கிவிடும். நரம்பு அடிக்கடி அறுகிறதென்று அதற்குப் பதில் கட்டுக்கம்பியைச் சுற்றி ஓட்டுவோரும் இருக்கின்றனர். இது மிகத் தவறான செயல். சுழலும் வேகத்தில் அறுந்த கம்பி துப்பாக்கிக் குண்டுபோல் பறந்து ஆளைத் தாக்கும். புல்லில் கலந்தால், மாட்டின் இரண்டாம் இரைப்பையைத் துளைத்து இதயம் வரை போகக்கூடும். ஒரு மாட்டின் விலைக்கு எத்தனை சுருள் நைலான் நரம்பு வாங்கலாம் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துச் செம்மண்ணில் கூழாங்கற்களும் சரளையும் அதிகம். ஒரு கல் பட்டாலே ரம்பத் தகட்டின் முனைகள் இரண்டு மூன்று போய்விடும். விழுப்புரத்தை ஒட்டிய தென்பெண்ணை ஆற்றோர வண்டலில் கல் தொல்லை குறைவு. ஆனால் ஈர மண் தகட்டின் அடியிலும் காப்புத் தகட்டிலும் அப்பிக்கொண்டு, புல் சுற்றி, தகட்டின் வேகத்தைக் குறைக்கும். செம்மண்காரர் நட்ட பாத்தியில் வெட்டுமுன் வரிசைக்கு நடுவே நடந்து கற்களைப் பொறுக்கி எறிய வேண்டும். வண்டல்காரர் அரை மணிக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்திவிட்டுத் தகட்டைச் சுரண்ட வேண்டும்.

மூன்று பல் தகட்டைத் தட்டை அரத்தால் தீட்டலாம். முதல் பல்லுக்குப் பத்து இழுப்பு என்றால் மற்ற இரண்டுக்கும் அதே பத்து இழுப்பு. ஒரு பல்லை மட்டும் தேய்த்தால் தகடு ஒரு பக்கம் கனம் குறைந்து, சுழலும்போது நடுங்கும். நடுக்கம் கைக்கு ஏறினால் வெட்டு ஒருபோதும் சீராக வராது. தீட்டியபின் தகட்டின் நடுத்துளையில் ஓர் ஆணியைக் கொடுத்துத் தொங்கவிட்டு, திருப்பித் திருப்பி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே பல் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம் அதிகம். அதை இன்னும் சற்றுத் தேய்க்க வேண்டும். கடின உலோக முனை வைத்த ரம்பத் தகட்டைச் சாதாரண அரம் தீட்டாது. அதற்கு வைர அரம் வேண்டும், அல்லது புதிய தகடு போட வேண்டும்.

தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்க்கும் வழக்கத்தையும் கைக்கொள்ளுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல தகடு. ஒலி அடைத்தாற்போல் வந்தால் எங்கோ கீறல் விட்டிருக்கிறது. கீறல் விட்ட தகட்டைப் பற்றவைத்து மீண்டும் போடக்கூடாது.

மாட்டும் முறையிலும் தவறு நேர்கிறது. தகட்டின் நடுத்துளை அச்சின் மேட்டில் சரியாக உட்கார வேண்டும். சந்தையில் 25.4 மி.மீ. துளையுள்ள தகடும் உண்டு, 20 மி.மீ. துளையுள்ள தகடும் உண்டு. பெரிய துளைத் தகட்டைச் சிறிய மேட்டில் மாட்டினால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் தகடு நடுவை விட்டு விலகியே ஓடும். இந்த நட்டு இடப்புரி என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மற்ற நட்டுகளைக் கழற்றும் திசையில் திருப்பினால் இது இறுகும்.

தோள்வாரும் வீச்சும்

கருவியைத் தோள்வாரில் மாட்டி, எஞ்சினை ஓட்டாமல், இரு கைகளையும் எடுத்துவிட்டு நேராக நில்லுங்கள். தகடு தரைக்கு இணையாக, ஒட்டைச் சாண் உயரத்தில் தானாகத் தொங்க வேண்டும். முன்பக்கம் குத்திட்டால் கொக்கியை முன்னுக்கும், தூக்கினால் பின்னுக்கும் நகர்த்துங்கள். கொக்கி இடுப்பெலும்புக்கு ஒரு கையகலம் கீழே வருமாறு வாரின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் வெட்டுபவர், கருவியின் எடையைக் கையால் சுமக்கிறார். முதல் கால் மணி நேரம் கை தாங்கும், பிறகு சோர்ந்து தாழும். பாத்தியின் தொடக்கத்தில் உயரமாகவும் முடிவில் மொட்டையாகவும் வெட்டு அமைவது இதனால்தான். அப்பா வெட்டிய கருவியை மகன் எடுத்தாலும் வாரை மறுபடி அளவிட வேண்டும். இருவர் உயரமும் ஒன்றல்லவே.

கருவியை வீசும்போது கை மட்டும் அசையக்கூடாது, இடுப்பிலிருந்து உடல் திரும்ப வேண்டும். வலமிருந்து இடமாக வெட்டி, இடமிருந்து வலமாக வெறுமனே திரும்பி வரவேண்டும். பெரும்பாலான கருவிகளில், மேலிருந்து பார்க்கையில் தகடு இடஞ்சுழியாகச் சுழல்கிறது. கியர் பெட்டியின்மேல் உள்ள அம்புக்குறியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அப்படிச் சுழலும்போது தகட்டின் இடப்பாதிதான் நன்றாக அறுக்கும். முன்புற வலப்பாதி கெட்டியான தண்டில் பட்டால் கருவி எதிர்த்துத் துள்ளும். துள்ளிய இடத்தில் கட்டை பிளந்து நிற்பதைக் காணலாம். வெட்டிய புல்லும் இடப்புறமே விழும். எனவே பாத்தியின் இட ஓரத்தில் தொடங்கி, வெட்டாத புல் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்குமாறு நடக்க வேண்டும். மாறாக நடந்தால் வெட்டிய புல் நிற்கும் புல்லின்மேல் சாய்ந்து, அடுத்த வீச்சில் பாதி தப்பிவிடும்.

வீச்சின் அகலம் ஒன்றரை மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் தகட்டின் பாதி அகலம் மட்டுமே முன்னேறுங்கள். காற்றில் சாய்ந்த புல்லை, அது சாய்ந்துள்ள திசையிலேயே வெட்டிச் செல்ல வேண்டும். சாய்வுக்கு எதிராகப் போனால் தகடு தண்டின்மேல் வழுக்கி ஏறும்.

எஞ்சின்

எஞ்சினால் வரும் குறை எளிதில் காதுக்குத் தெரியும். தூரில் தகடு பட்டதும் சத்தம் இறங்கினால் வேகம் போதவில்லை. விசையைப் பாதி அழுத்தி மெதுவாக வெட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று சிலர் நினைக்கின்றனர். பாதி வேகத்தில் கிளட்ச் வழுக்கிச் சூடேறித் தேயும், தண்டு பிய்யும், ஒரே தூரை இரண்டு முறை வெட்ட வேண்டியும் வரும். தூருக்குள் போகுமுன் விசையை முழுதும் அழுத்தவேண்டும்.

முழு விசையிலும் எஞ்சின் திணறினால் முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். கோடையில் நம் செம்மண் தூசி ஒரே நாளில் அதை அடைத்துவிடும். சோப்பு நீரில் அலசி நன்கு உலர்த்தி மாட்டினால் பாதிக் கருவிகள் மெக்கானிக்கிடம் போகாமலே சரியாகிவிடும். இரு வீச்சு எஞ்சினாயின் பெட்ரோலில் எண்ணெய்க் கலப்பு, கருவியோடு வந்த கையேட்டில் கண்டபடி இருக்கவேண்டும். 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மி.லி., 25-க்கு 1 என்றிருந்தால் 40 மி.லி. கூடுதல் எண்ணெய் எஞ்சினுக்கு நல்லது என்று ஊற்றினால் புகைபோக்கியில் கரி அடைத்து வேகம் குறையும். கியர் பெட்டிக்கு இருபது இருபத்தைந்து மணி நேர வேலைக்கு ஒருமுறை கிரீஸ் இட வேண்டும்.

தூர் மேடேறுதல்

மேற்சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் வெட்டு மாறி மாறி வந்தால், வயதான புல்லில் பெரும்பாலும் காரணம் தூரே. ஒவ்வோர் அறுவடையிலும் கட்டை சிறிது நிற்கிறது, அதன்மேல் தளிர் வருகிறது, மறுபடி கட்டை. இரண்டு மூன்று ஆண்டில் தூர் மண்ணைவிட்டு ஒரு மேடாக எழும்பி நடுவில் காய்ந்து போகிறது. பக்கத்தில் பின்னால் போக்கு நட்ட தூர் மண்ணோடு தாழ்ந்திருக்கும். தகடு இரண்டின்மீதும் ஒரே உயரத்தில் ஓடுகிறது. மேடேறிய தூர் மொட்டையாகிறது, தாழ்ந்த தூரில் நீளக் கட்டை நிற்கிறது. இதில் கருவி என்ன செய்யும்? அரிவாளால் அறுத்த காலத்தில் அறுப்பவர் கண் ஒவ்வொரு தூருக்கும் ஏற்பக் கையை ஏற்றி இறக்கியது. கருவிக்குக் கண் இல்லை. எனவே தூர்களை நாம்தான் ஒரே மட்டத்திற்குக் கொண்டுவர வேண்டும்.

ஐந்தாறு அறுவடைக்கு ஒருமுறை காய்ந்த பழைய தண்டுகளை அரிவாளால் கழித்து எடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது தூர் பெருத்துக் கைக்கு அடங்காமல் போகும்போது, மண்வெட்டியால் தூரை நான்காகப் பிளந்து ஒரு பகுதியை மட்டும் நிறுத்தி மற்றவற்றை அகற்றுங்கள். அகற்றியதில் நல்ல வேருள்ளதைப் போக்கு நடப் பயன்படுத்தலாம். வெட்டியபின் எக்டருக்கு 75 கிலோ தழைச்சத்து என்பது பரிந்துரை. ஐந்து சென்ட் பாத்திக்கு இது சுமார் 3¼ கிலோ யூரியா. அதை இட்டு நீர் பாய்ச்சியபின், பார் சரிந்த இடங்களில் மண் அணைத்துவிட்டால் அடுத்த வெட்டுக்குத் தரையும் மட்டமாகும்.

ஒரே கருவியால் வேலிமசாலையும் வெட்டுவோர் உயரத்தை மறந்துவிடக்கூடாது. வேலிமசாலைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டவேண்டும். நேப்பியருக்கு வைத்த வாரின் அளவோடு அங்கே போனால் செடி பட்டுவிடும்.

மழைக்காலத்தில்

வடகிழக்குப் பருவமழையில் 15 செ.மீ.க்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய மழைக்கு முன்தினம் மொட்டையாக வெட்டிய பாத்தியில் வெட்டு முனைகள் நீருக்குள் மூழ்கிக் கிடக்கும், தூர் அழுகும். புயல் எச்சரிக்கை வந்தால் அன்று தேவைக்கு மட்டும் வெட்டிக்கொண்டு, மற்றதை நீர் வடிந்தபின் வெட்டுவது மேல். 45 நாள் ஐம்பதானாலும் பரவாயில்லை. ஆனால் அறுபதைத் தாண்டவிட்டால் தண்டு முற்றி, நல்ல தகடும் பிய்க்கத் தொடங்கும். மாடும் தண்டை ஒதுக்கும்.

வாடகைக்கு வெட்டும்போது

சொந்தக் கருவி இல்லாதோர் வாடகைக்கு ஆள் வைத்து வெட்டுகின்றனர். சென்ட் கணக்கில் கூலி பேசினால் வெட்டுபவர் விரைந்து முடிக்கவே பார்ப்பார். வீச்சு அகலும், கட்டை பிறை பிறையாக நிற்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பேச்சு அப்படி. மணிக் கணக்கில் பேசுவது நல்லது. சென்ட் கணக்கில்தான் வருவார் என்றால், முதல் வரிசையை வெட்டியவுடன் நிறுத்தச் சொல்லி, குச்சியை ஊன்றி அவரிடமே காட்டுங்கள். "இந்தக் கோட்டுக்கு வெட்டித் தாங்க தம்பி, ஒரு பத்து ரூபாய் கூடவே தருகிறேன்" என்றால் பெரும்பாலோர் வாரைச் சரிசெய்துகொண்டு வெட்டுவார்கள். அப்போது மாட்டையும் பிள்ளைகளையும் 15 மீட்டருக்கு அப்பால் நிறுத்துங்கள். குச்சியை ஊன்றுவதும் எஞ்சின் நின்றபின்தான்.